தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் இருக்கா? துணியை எடுக்கும் முன் இதைப் படிங்க

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று செட்டிநாட்டுப் பக்கம் பெரிய வீடுகளைத் திறந்து சுத்தம் செய்யும் வேலை எப்போதும் எங்கேயாவது நடந்துகொண்டே இருக்கிறது. சில வீடுகள் ஹோட்டலாக மாறுகின்றன. சில வீடுகள் பங்காளிகளுக்குள் பாகம் பிரிக்கப்படுகின்றன. சில வீடுகள் பிரிக்கப்பட்டு, பர்மா தேக்குத் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன.

அப்படி ஒரு வீட்டில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கிறீங்க. எனாமல் தூக்குச் சட்டி, மரப்பெட்டி, பழைய கணக்கு நோட்டு எல்லாவற்றுக்கும் அடியில், சாக்குத் துணியில் சுற்றி நீளமாக ஒரு பொருள். பிரித்தால் துருப்பிடித்த துப்பாக்கி. குழல் மட்டுமே ஒரு ஆள் இடுப்பு உயரம். குழலுக்குக் கீழே ஒரு கம்பி செருகியிருக்கிறது. "தாத்தாவோடதா இருக்கும்"னு யாராவது சொல்வாங்க. அடுத்த நிமிஷம் ஒருத்தர் துணியும் தேங்காய் எண்ணெயும் எடுத்துட்டு வருவார். இன்னொருத்தர் செல்போனில் போட்டோ எடுப்பார்.

ரெண்டு பேரும் கொஞ்சம் நிற்கணும். அந்தத் துப்பாக்கியைத் துடைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் ரெண்டு. உள்ளே மருந்து இருக்கா? இதை வீட்டில் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருக்கா? துரு, எண்ணெய், பளபளப்பு எல்லாம் அப்புறம்தான்.

நியூயார்க் பீரங்கி சொன்ன பாடம்

2013 ஜனவரியில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பழைய பீரங்கியைத் துரு நீக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். 1780-ல் மூழ்கிய எச்.எம்.எஸ். ஹுசார் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சேர்ந்தது அது. பல காலம் பூங்காவில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்த பீரங்கி. வாயை அடைத்திருந்ததை எடுத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு குண்டு, அதன் பின்னால் சுமார் 800 கிராம் கருமருந்து! வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்துத்தான் அதை எடுத்தார்கள். 200 வருஷத்துக்கு மேலான பிறகும் அந்த மருந்து எரியக்கூடிய நிலையிலேயே இருந்தது.

இந்தக் கதை சிரிப்போடு முடிந்தது. எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. 2008-ல் அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைத் தன் வீட்டிலேயே சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் அது வெடித்து இறந்துபோனார். அந்தக் குண்டுக்கு வயது 140-க்கு மேல்.

காரணம் எளிமையானது. கருமருந்து என்பது வெடியுப்பு, கரித்தூள், கந்தகம் மூன்றும் சேர்ந்த கலவை. ஈரம் படாமல் இருந்தால் அதற்குக் காலாவதி தேதி கிடையாது. கெட்டியாக அடைத்த குழலுக்குள் எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் அப்படியே தூங்கும்.

இன்றைய துப்பாக்கியில் தோட்டா பின்பக்கத்திலிருந்து போகிறது. பின்பக்கத்தைத் திறந்து பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாய்வழி அடைக்கும் பழைய துப்பாக்கியில் அந்த வசதி இல்லை. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அதன் மேல் துணியோ நாரோ வைத்து, அப்புறம் ரவையையோ குண்டையோ போட்டு, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். பின்பக்கம் நிரந்தரமாக மூடியிருக்கும். ஒரு சின்ன ஓட்டை மட்டும் உண்டு. சுத்தியல் போல விழும் 'குதிரை' அடிக்கும்போது, கேப்பிலிருந்தோ சக்கிமுக்கிக் கல்லிலிருந்தோ கிளம்பும் தீப்பொறி அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும். அதாவது வெளியிலிருந்து பார்த்தால் காலித் துப்பாக்கியும் மருந்தடைத்த துப்பாக்கியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அடைத்துவிட்டால் வெளியே எடுப்பதும் கஷ்டம். சுட்டுத் தீர்ப்பதுதான் சுலபமான வழி. வேட்டைக்கோ காவலுக்கோ போய் ஒன்றும் சிக்காமல் திரும்பியவர், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே மாட்டி வைப்பது உலகம் முழுக்க இருந்த பழக்கம். அந்த 'மறுநாள்' வராமலே போன துப்பாக்கிகள்தான் இன்றைக்குப் பரண்களில் இருக்கின்றன.

உள்ளே இருக்கா இல்லையா, எப்படித் தெரியும்?

உரிமம் வைத்து, இந்தத் துப்பாக்கியைப் பழகியவர்கள் செய்வது கம்பிச் சோதனை. குதிரைக்கு அடியில் கேப் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுவார்கள். குழல் ஆளில்லாத திசையைப் பார்த்திருக்கும். கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் அது நிற்கும் வரை மெதுவாக இறக்கி, வாயோடு சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு கம்பியை வெளியே எடுத்துக் குழலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கம்பியின் நுனி தீப்பொறி ஓட்டை வரை எட்டினால் குழல் காலி. ரெண்டு மூணு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது.

அந்த 'ஏதோ' குளவிக் கூடாகவும் இருக்கலாம், ஒரு வேட்டுக்கான மருந்தாகவும் இருக்கலாம். எதுவென்று கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது அல்ல.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரணில் திடீரென்று கிடைத்த, யாருடையது என்றே தெரியாத துப்பாக்கியில் இந்தச் சோதனையைக்கூட நீங்க செய்ய வேண்டாம். கம்பியே துருப்பிடித்து உள்ளே சிக்கிக்கொள்ளலாம். கிடந்த இடத்திலேயே, குழல் வாய் சுவரைப் பார்த்தபடி விட்டுவிட்டு, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுப் போலீஸுக்குச் சொல்லுங்க. கிரைண்டர், டிரில்லிங் மெஷின், வெல்டிங் தீ எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது, வாயால் ஊதிப் பார்ப்பது, குதிரையை இழுத்து 'டிக்'னு விட்டுப் பார்ப்பது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். செல்போனில் வீடியோ எடுக்கும் ஆசையில்தான் இந்தக் கடைசித் தப்பு நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

"இது ஆண்ட்டிக்தானே, லைசென்ஸ் எதுக்கு?"

செட்டிநாட்டில் மட்டுமில்ல, எங்கே கேட்டாலும் இந்தக் கேள்வி வரும். பதில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 45-வது பிரிவு சில விதிவிலக்குகளைத் தருகிறது. வழக்கொழிந்த அமைப்புடைய, அல்லது தொல்பொருள் மதிப்புள்ள, அல்லது பழுதான ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. இதைப் பாதி மட்டும் படித்தவர்கள் "அப்போ தாத்தா துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. பழுது பார்த்தோ, பழுது பார்க்காமலோ, துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் அது இருக்க வேண்டும்.

அதாவது, துரு நீக்கி, ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அது ஆண்ட்டிக் அல்ல, ஆயுதம். வாய்வழித் துப்பாக்கியின் அமைப்பு ரொம்ப எளிமையானது என்பதால் அதைச் சரிசெய்வதும் சுலபம். அதனால் பெரும்பாலான பரண் துப்பாக்கிகள் இந்த விதிவிலக்குக்குள் தானாக வந்துவிடாது. முடிவு செய்ய வேண்டியது வீட்டுக்காரர் அல்ல, அதிகாரிகள்.

உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தண்டனை என்ன? 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை, கூடவே அபராதம். முன்பு இது 1 முதல் 3 வருடமாக இருந்தது. அதே திருத்தம்தான் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 3-லிருந்து 2 ஆகக் குறைத்தது. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இந்த 2 என்ற கணக்கைத் தாண்டக்கூடாது. உரிமத்தின் காலம் மட்டும் 3 வருடத்திலிருந்து 5 வருடமாக நீட்டப்பட்டது. திருமணம், திருவிழா என்று கொண்டாட்டத்துக்காக வானத்தைப் பார்த்துச் சுடுவதும் இப்போது தனிக் குற்றம். 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்னும் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து "கொஞ்சம் சரி பண்ணுங்கண்ணே" என்று கேட்டால், நீங்களும் மாட்டுவீங்க, அந்த அண்ணனும் மாட்டுவார்.

தாத்தாவுக்கு உரிமம் இருந்தது என்றால்?

அப்படியென்றால் வழி இருக்கிறது. 2016-ஆம் வருட ஆயுத விதிகளின்படி, உரிமம் வைத்திருந்தவர் இறந்த பிறகு வாரிசு ஒருவர் அந்தத் துப்பாக்கிக்குத் தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் முடியும். உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது அவர் 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்திருக்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்துக்காரர்கள் அணுக வேண்டியது மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

விண்ணப்பம் ஒரு பக்கம் நடக்கட்டும், அதுவரை துப்பாக்கி எங்கே இருக்கணும்? வீட்டில் இல்லை. உரிமம் முடிந்துபோன, அல்லது வேறு எந்தக் காரணத்தாலும் வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போன ஆயுதத்தைத் தேவையில்லாத தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21-வது பிரிவு. ஒப்படைத்தால் சொத்து போய்விடும் என்ற பயம் பலருக்கு. அப்படியில்லை. உரிமம் கிடைத்தால் திரும்பப் பெறலாம், உரிய வழியில் விற்கவும் செய்யலாம். ஆனால் குறித்த காலத்துக்குள் எதுவுமே செய்யாமல் விட்டால் அரசுடைமை ஆகிவிடும். அதனால் ரசீது முக்கியம், தேதி முக்கியம்.

விற்கும் ஆசையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. 100 வருஷத்துக்கு மேல் பழமையான பொருட்கள் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் வியாபாரத்துக்கும் உரிமம் தேவை.

சிவகங்கைச் சீமையும் கருமருந்தும்

இந்தப் பகுதியில் பழைய துப்பாக்கி என்றாலே பேச்சு மருது பாண்டியர் காலத்துக்குப் போய்விடும். அதில் ஆச்சரியம் இல்லை. 1772-ல் காளையார்கோவிலில் மன்னர் முத்துவடுகநாதர் கம்பெனிப் படையின் தாக்குதலில் கொல்லப்பட்டார். வேலு நாச்சியார் 1780-ல் சீமையை மீட்டார். 1801 ஜூன் 16-ல் சின்ன மருது திருச்சியில் அறிக்கை ஒட்டினார். அதே வருடம் அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். வளரியும் ஈட்டியும் பேசப்படும் அளவுக்கு இந்தப் போர்களில் துப்பாக்கி பேசப்படுவதில்லை. ஆனால் இரண்டு தரப்பிலும் முழங்கியது வாய்வழி அடைக்கும் துப்பாக்கிகள்தான். வேறு வகை அப்போது பரவலாக இல்லை.

அதற்காக உங்கள் பரணில் இருப்பது மருது காலத்துத் துப்பாக்கி என்று நம்பிவிடாதீங்க. 1801-க்குப் பிறகு பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, படைகள் கலைக்கப்பட்டன. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. கேப் வைத்துச் சுடும் அமைப்பே 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அதனால் குதிரைக்கு அடியில் கேப் மாட்டும் சின்னக் குமிழ் இருந்தால், அது மருது காலம் அல்ல. பயிர்க் காவலுக்கோ வேட்டைக்கோ பின்னாளில் வாங்கிய நாட்டுத் துப்பாக்கியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, உரிமம் இருக்கு. எப்படித்தான் சுத்தம் செய்வது?

இப்போது கருமருந்தின் இன்னொரு குணத்தைப் பார்க்கணும். எரிந்த கருமருந்தில் பாதிக்கும் மேல் புகையாகப் போவதில்லை, திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. குழல் சுவரில் கரியும் பொட்டாசியம் உப்புகளுமாகப் படிகிறது. கல்லுப்பு மழைக்காலத்தில் எப்படி நீர்த்துப்போகுமோ, அதேபோல இந்த உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் இரும்பும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கடலோரத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஐப்பசி மழையில் சுட்டுவிட்டு அப்படியே வைத்த குழல், மறுநாள் காலையிலேயே உள்ளே சிவக்கத் தொடங்கிவிடும்.

இந்தப் படிவு ஒரு பெரிய வரலாற்றுக்கே காரணமாக இருந்திருக்கிறது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின் கொழுப்புத் தடவிய தோட்டா கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொழுப்பை ஏன் தடவினார்கள்? என்பீல்டு ரைபிளின் குழலுக்குள் திருகு மாதிரி வரிப்பள்ளங்கள் இருந்தன. நாலு வேட்டுப் போட்டதும் அந்தப் பள்ளங்களில் கரி அடைத்து, அடுத்த குண்டு கீழே இறங்க மறுக்கும். வழுக்கிக்கொண்டு இறங்கத்தான் காகிதத் தோட்டாவில் கொழுப்பு. அது எந்த மிருகத்தின் கொழுப்பு என்ற கேள்வியில்தான் எல்லாம் பற்றிக்கொண்டது. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் உள்ளே வழவழப்பான குழல் கொண்டவை என்பதால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. துருவின் தொல்லை மட்டும் அதேதான்.

பலர் செய்யும் தப்பு, சுட்ட பிறகு நேராக எண்ணெய் போடுவது. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே உட்கார்ந்து இரும்பைத் தின்னும். மேலே பளபள, கீழே அரிப்பு. உப்பைக் கரைக்க ஒரே நல்ல பொருள் தண்ணீர்தான். துருவுக்குப் பயந்து இரும்பில் தண்ணீர் ஊற்ற மனசு வராது, அது புரிகிறது. ஆனால் இந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும் வைத்தியம் தண்ணீரில்தான் ஆரம்பிக்கிறது.

செய்முறை இதுதான். குழல் காலி என்று கம்பிச் சோதனையில் உறுதி செய்த பிறகு, குழலைக் கட்டையிலிருந்து கழற்ற முடிகிற அமைப்பாக இருந்தால் கழற்றிவிடுங்க. கழற்ற முடியாத அமைப்பென்றால் மரத்தில் தண்ணீர் இறங்காதபடி துணி சுற்றிக்கொள்ளணும். வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ரெண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. குழலின் பின்முனையை அந்தத் தண்ணீரில் வைத்து, கம்பியின் முனையில் பழைய பருத்தி வேட்டித் துண்டைக் கட்டி மேலும் கீழும் இழுத்தால், சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கும். முதல் வாளி மசி மாதிரிக் கறுப்பாக வரும். அழுகிய முட்டை நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம், அது கந்தகத்தின் வேலை. தண்ணீரை மாற்றி மாற்றி, துணி வெள்ளையாகத் திரும்பும் வரை செய்யணும்.

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவது பழைய பட்டாளப் பழக்கம். சூட்டில் குழல் சீக்கிரம் காயும் என்பது அதன் கணக்கு. ஆனால் அதே சூட்டில் கண் முன்னாலேயே மெல்லிய செந்துரு படரும் என்பதால், வெதுவெதுப்பே போதும் என்பவர்கள் இப்போது அதிகம். நானும் அந்தக் கட்சிதான்.

கழுவியதும் காய்ந்த துணியை நாலைந்து தடவை விட்டு எடுத்து, ஈரம் சுத்தமாகப் போன பிறகுதான் எண்ணெய். கேப் மாட்டும் குமிழை மறந்துவிடாதீங்க. பழைய கேப்புகளில் இருந்த குளோரேட் கலவையும் எரிந்த பிறகு உப்பாகத்தான் மிஞ்சும். முதலில் துரு தின்னும் இடம் பெரும்பாலும் அந்தக் குமிழும் அதன் மரையும்தான்.

எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24, 25 டிகிரிக்குக் கீழே அது உறைந்துபோகும், மார்கழி ராத்திரியில் காரைக்குடியிலும் அது நடக்கும். நாள்பட்டால் காறி அமிலத்தன்மையும் சேரும். நல்லெண்ணெய் காலப்போக்கில் பிசினாகி, குதிரையும் ஸ்பிரிங்கும் ஒட்டிக்கொள்ளும். மளிகைக் கடையில் கிடைக்கும் தையல் மெஷின் எண்ணெய் இவை இரண்டையும்விட எவ்வளவோ மேல். பித்தளைப் பட்டையைப் பார்த்ததும் புளியும் சாம்பலும் ஞாபகத்துக்கு வந்தால், அதைக் குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்க. புளியின் அமிலம் பட்டைக்கு அடியில் போய் இரும்பைத்தான் முதலில் பிடிக்கும். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு கை தடவினால் போதும்.

ரெண்டு நாள் கழித்து மறுபடி ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுப் பாருங்க. பழுப்பு நிறம் வந்தால் உப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி தண்ணீர்தான். இந்த ரெண்டாவது பரிசோதனையைச் செய்யாமல் விட்டுத்தான் பல நல்ல குழல்கள் வீணாகியிருக்கின்றன.

வைக்கும் இடமும் முக்கியம். சாக்கு, பிளாஸ்டிக் கவர், தோல் உறை மூன்றும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வாய் கீழே இருக்கும்படி ஒரு ராத்திரி நிறுத்தினால், அதிகப்படி எண்ணெய் மரத்துக்குள் இறங்காமல் வெளியே வடிந்துவிடும். பிறகு காற்றோட்டமுள்ள, பூட்டிய அலமாரி. கை வியர்வையும் உப்புதான் என்பதால் கடைசியாக ஒரு தடவை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் வெறுங்கையால் தொடாமல் இருப்பது நல்லது.

ஒரு தகவல். இரும்பு ஏன், எப்படி அரிக்கிறது என்ற ஆராய்ச்சிக்கு நாட்டிலேயே பெயர்பெற்ற இடம் இதே ஊரில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதாவது நம்ம செக்ரி.

காட்சிப் பொருளுக்கு இந்த வைத்தியம் கிடையாது

மேலே சொன்ன தண்ணீர் வைத்தியம் சமீபத்தில் சுட்ட துப்பாக்கிக்கு. நூறு வருஷம் சுடாமல், சுவரில் அழகுக்கு மாட்டியிருக்கும் துப்பாக்கிக்கு அது தேவையில்லை, கெடுதலும்கூட. அந்தக் குழலின் மேல் உள்ள கரும்பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. இரும்பின் மேல் வருஷக்கணக்கில் படிந்து, ஓரளவு அதைக் காப்பாற்றவும் செய்யும் படலம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளி மாதிரி மின்ன வைத்தால், செய்தவர் பெயர், எண், வேலைப்பாடு எல்லாம் சேர்ந்து போய்விடும். பொருளின் விலையும் அதோடு போகும். மிருதுவான துணி, துளி எண்ணெய், உதிர்கிற செந்துருவை மட்டும் மெதுவாக எடுப்பது, அவ்வளவுதான்.

இன்னும் யாராவது இதைப் பயன்படுத்துறாங்களா?

பயன்படுத்துகிறார்கள் என்பதைவிட, சட்டம் இன்னும் இதை மறக்கவில்லை என்று சொல்லலாம். ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி அடைக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தருவதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டும்தான் வேறு வகைத் துப்பாக்கி. 1959-ல் ஒரு விவசாயியின் கையில் இருக்க வேண்டிய ஆயுதம் இதுதான் என்று நாடாளுமன்றம் நினைத்திருக்கிறது.

ஆனால் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியையும் விவசாயி தானாகச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த நடைமுறையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஆக, பயிர்க் காவலுக்கு என்று உரிமம் வாங்கிய துப்பாக்கி இன்று வேட்டுச் சத்தம் கிளப்பி விரட்டுவதற்குத்தான் மிச்சம். உரிமத்தை ஒரு கையால் கொடுத்து, குறி பார்ப்பதை இன்னொரு கையால் தடுக்கும் இந்த முரண் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

பாதிப்பு அதிகம் நரிக்குறவர் மக்களுக்குத்தான். பறவை வேட்டை அவர்களின் வாழ்வாதாரமாகவும், நாட்டுத் துப்பாக்கி அவர்களின் தொழில் கருவியாகவும் இருந்தது. சட்டத்தோடு அந்தத் தொழில் முடிந்தது. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட்டதோ 2023 ஜனவரியில்தான்.

பக்கத்து மாநிலத்தில் வேறு காட்சி. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் கொடவர்களுக்கும், ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் ஆயுத உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. மத்திய அரசு 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021-ல் அதை உறுதி செய்தது. கைல்போத் என்ற திருவிழாவில் துப்பாக்கியைத் துடைத்து, பூ வைத்துக் கும்பிடுவது அங்கே வீட்டுச் சடங்கு. "அங்கே முடியும்னா இங்கே ஏன் முடியாது?" என்று ஆயுத பூஜை நேரத்தில் கேட்பவர்கள் உண்டு. அந்த விலக்கு குடகின் தனி வரலாற்றுக்காகக் கொடுக்கப்பட்டது. சிவகங்கையில் செல்லாது.

தேர்தல் வந்தால் இன்னொரு வேலை

உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். தேர்தல் அறிவிப்பு வந்தால், மாவட்ட அளவிலான குழு பரிசீலித்துச் சொல்லும்போது துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டியிருக்கும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அது அங்கே இருக்கும். அங்கே யாரும் உங்கள் துப்பாக்கிக்கு எண்ணெய் போடப்போவதில்லை. அதனால் கொடுக்கும் முன் கம்பிச் சோதனை செய்து காலி என்று உறுதிப்படுத்தி, முழுசாகக் கழுவி, காயவைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக எண்ணெய் பூசிக் கொடுங்க. ரசீதில் துப்பாக்கியின் எண்ணும் நிலையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்க. திரும்பி வந்ததும் மறுபடி அதே கம்பி, அதே வெள்ளைத் துணி. பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் உள்ளே உள்ள எண்ணெயை முழுசாகத் துடைத்து எடுத்த பிறகுதான். எண்ணெய் ஊறிய மருந்து பற்றாமல் போய், குழலுக்குள்ளேயே தங்கிவிடும். மறுபடி அந்த 'மறுநாள்' கதைதான்.

பரணில் கண்டெடுத்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. "நல்லதுதானே செய்றோம்"னு அதைச் சாக்கில் சுற்றி பைக்கில் வைத்து ஸ்டேஷனுக்கு நீங்களே கொண்டுபோகாதீங்க. வழியில் நிறுத்திக் கேட்டால், உரிமம் இல்லாத துப்பாக்கியோடு பயணம் செய்தவர் நீங்கதான். உள்ளே மருந்து இருந்தால், மேடு பள்ளத்தில் குலுங்கிப் போவதும் நீங்கதான். 112-க்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ போன் செய்து, எந்த வீடு, எந்த அறை, எப்போது கிடைத்தது என்று சொல்லுங்க. கிடந்த நிலையில் தள்ளி நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்க. அவர்கள் வந்து எடுக்கட்டும். தாத்தா பெயரில் பழைய உரிமப் புத்தகம் இருக்கிறதா என்று, அவர்கள் வருவதற்குள் அந்தப் பழைய கணக்கு நோட்டுகளுக்கு நடுவில் தேடிப் பாருங்க.